கர்வ்பால் போடாவிட்டால் கை தப்பிக்குமா?

"பேஸ்பாலில் கர்வ்பால் (சுழன்று வளைந்து இறங்கும் பந்து) போடாத வரைக்கும் பையன் எத்தனை பந்து வேண்டுமானாலும் வீசலாம்" என்று சொல்வது தவறு. முழங்கையின் உள்பக்க ஜவ்வை ஃபாஸ்ட்பாலும் (நேராக வரும் வேகப் பந்து) அதே அளவுக்கு, பல சமயம் அதிகமாகவே இழுக்கிறது. அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டலில் 11–12 வயதுக்கு ஒரு நாள் உச்சம் 85 பந்து. 66-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. 21–35 வீசினால்கூட 1 நாள். பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில்: பிட்சிங் (பந்து வீசுவது) முடித்த கையோடு அவனையே கேட்சராக (வீசும் பந்தைப் பிடிப்பவனாக) உட்கார வைப்பார்கள். கேட்சரும் பந்துக்குப் பந்து திருப்பி எறிகிறான், கணக்கில் மட்டும் ஏறாது. கை களைத்தால் முழங்கை இறங்கும், பந்து உயரப் போகும். எண்ணிக்கை 40தான் என்றாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஃபாஸ்ட்பாலும் இழுக்கிறது என்பதற்காக 9 வயதிலேயே கர்வ்பால் போடலாம் என்றில்லை. முதலில் ஃபாஸ்ட்பால், பிறகு சேஞ்ச்அப் (அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து).