ஒரு பைண்டுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அக்கா பையன் என்னை உலுக்கி எழுப்பினான். பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஃபோம் போர்டை அறுத்து ஒட்டி, ஒரு மாசமாக அவன் கையாலேயே செய்த டிரெய்னர் விமானம் அது, கையில் பிடிக்கும் ரேடியோவால் (ரிமோட்) ஓட்டிப் பழகுவதற்கான மாடல். கோயம்புத்தூரில் இந்த மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்புவதற்குள் பறக்கவிட வேண்டுமென்றால் விடிந்த பிறகு ஒரு மணி நேரம்தான் கையில். வற்றிக் கிடந்த குளத்துக்குள் போய் நின்றோம். எட்டரைக்குத் திரும்பி வந்தோம். விமானம் தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை.

வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குளத்தில் இறங்கி, விமானத்தின் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவின் வயரைச் சொருகும்போது, ரேடியோவின் சிக்னலை வாங்கும் பழைய ரிசீவரின் கம்பி ஒடிந்தது. பரவாயில்லை, புதுசு ஒன்று ஸ்பேருக்கு வாங்கி வைத்திருந்தேன். அதே கம்பெனி, அதே ஆறு சேனல் (ஆறு கட்டளைகளைத் தனித்தனியாக வாங்கும்). ரேடியோவும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்வதுதான் பைண்ட். அதற்கான பிளக்கைச் சொருகி, பேட்டரி கொடுத்து, ரேடியோவில் பைண்ட் பட்டனை அமுக்கினேன். விளக்கு மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது. முதலில் ரேடியோ பிறகு ரிசீவர், முதலில் ரிசீவர் பிறகு ரேடியோ என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தால் சிக்னல் ரிசீவரைத் திணறடித்துவிடும் என்று மூன்று மீட்டர் தள்ளி நின்றும் பார்த்தேன். பையன் விமானத்தைப் பிடித்துக்கொண்டு "இப்ப ஆகுமா மாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான். நான் ஒவ்வொரு தடவையும் "ஆயிரும்டா" என்றேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அதே கம்பெனிதானுங்க சார், கண்டிப்பா ஆகுமுங்க, மறுபடி ஒருக்கா போட்டுப் பாருங்க" என்றார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் சொல்லவில்லை. மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: மாடல் எண்ணில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். புது ரிசீவர் பேசுவது கம்பெனியின் பழைய புரோட்டோகால், அதாவது பழைய சிக்னல் பாஷை. என் ரேடியோவுக்கு அது தெரியாது. உலகம் முடியும் வரை பட்டனை அமுக்கினாலும் அவை இரண்டும் சேராது. டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே இருந்த துண்டுச் சீட்டிலும் இல்லை.

பைண்டிங் என்பது நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில், அலைவரிசையை முடிவு செய்யும் கிரிஸ்டல் போட்டுப் பறத்தியவர்களுக்குத் தெரியும். உங்கள் சேனலில், அதாவது அதே அலைவரிசையில், இன்னொருவர் ரேடியோவை ஆன் செய்தால் உங்கள் விமானம் போய் மண்ணில் குத்தும். அதனால்தான் களத்தில் பலகை வைத்து, யாருக்கு எந்தச் சேனல் என்று கிளிப் மாட்டினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனி அடையாள எண். ரிசீவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு மற்ற எவன் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. இவ்வளவு அழகான விஷயத்தை எடுத்து, கம்பெனிக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று, கண்டத்துக்கு ஒன்று என்று கூறு போட்டு வைத்திருக்கிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது.

எஃப்ஆர்ஸ்கை என்ற ஒரு கம்பெனியிலேயே டி8, டி16, ஆக்சஸ் என்று தனித்தனி புரோட்டோகால். 2015இல் ஐரோப்பாவுக்குப் புது விதி வந்ததும் டி16க்குள்ளேயே ஐரோப்பிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்), மற்ற நாட்டு ஃபர்ம்வேர் என்று பிரிந்தது. ஒன்று மற்றதோடு சேராது. 2020 வாக்கில் சர்வோ தானாக வெட்டி இழுக்கும் கோளாறைச் சரிசெய்யப் புதுப் பதிப்பு விட்டார்கள். சரிசெய்தது நியாயம்தான். ஆனால் ரேடியோவில் மட்டும் பதிப்பை மாற்றினால் பழைய ரிசீவர் எதுவும் பைண்ட் ஆகாது. அவற்றிலும் புதுப் பதிப்பை ஏற்ற, ஹாட் க்ளூ வைத்து விமானத்தின் உடம்புக்குள் ஒட்டிய ரிசீவர்களை ஒவ்வொரு விமானமாகக் கீறி வெளியே எடுக்க வேண்டும். எல்லோரும் கொண்டாடும் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் என்ற புரோட்டோகாலும் அப்படித்தான். ரிசீவரை மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்து பைண்டுக்குக் கொண்டுவரும் முறை எனக்குப் பிடிக்கும், இரண்டு பக்கமும் ஒரே சொற்றொடரைக் கொடுத்துச் சேர்க்கும் பைண்டிங் ஃப்ரேஸ் அருமையான யோசனை. ஆனால் பதிப்பு 2 ரேடியோவும் பதிப்பு 3 ரிசீவரும் சேராது. விளக்கையாவது நம்பலாமா? ஒரு ரிசீவரில் சிவப்பு மினுக்கினால் பைண்ட் முடிந்தது என்று அர்த்தம். இன்னொன்றில் மினுக்கினால் இன்னும் காத்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வரும் பையன் எதை வைத்துக் கற்றுக்கொள்வான்?

இதுகூட நேரமும் காசும் போகிற கதை. என் கோபம் உச்சிக்கு ஏறுவது ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டில். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம். சில ரிசீவர்கள் பைண்ட் ஆகும் நொடியில், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் குச்சி எங்கே இருக்கிறதோ அதையே ஃபெயில்சேஃபாக எழுதிக்கொள்கின்றன. சிலவற்றில் பைண்ட் முடிந்த பிறகு தனியாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடும். என்னோடு பறத்தும் நண்பர் ஒருவர் ரிசீவர் மாற்றி மறுபடி பைண்ட் செய்தார். ஃபெயில்சேஃப் வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேசையில் திராட்டில் பாதியில் இருக்கும்போது ரேடியோவின் பேட்டரி கழன்றது. மோட்டார் நிற்கவில்லை. பத்து இஞ்ச் ப்ராப் (சுழலும் விசிறி). வலது கை இரண்டு விரலில் ஏழு தையல். அவர் கவனக்குறைவானவர் அல்ல. அந்தச் சீட்டில் "பைண்ட் செய்யும்போது ப்ராப்பைக் கழற்று, திராட்டிலைக் கீழே வை, முடிந்ததும் ஃபெயில்சேஃபைச் சோதித்துப் பார்" என்று மூன்று வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

கம்பெனிக்காரர்களே, டப்பாவின் முகப்பில் புரோட்டோகால் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த நாட்டுக்கானது, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கூடவே ஃபெயில்சேஃப் எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு வரி. கடைக்காரர்களே, நீங்களும் விற்கும் முன் "என்ன ரேடியோ வைத்திருக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பம்புசெட்டுக்கு ஃபுட்வால்வு வாங்கப் போனால்கூட "எத்தனை இஞ்ச் பைப்பு" என்று கேட்காமல் கொடுக்க மாட்டார்கள்.

சரியான ரிசீவர் நேற்று சாயங்காலம் வந்தது. பையனே பிளக்கைச் சொருகினான், ப்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். இரண்டு நொடியில் பைண்ட் ஆனது. வாசலுக்கு ஓடிப்போய் நின்று பார்த்தான். தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. காற்று பிடித்துவிட்டது. "இது எப்ப மாமா அடங்கும்?" என்றான். ஆவணி ஆகும் என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை.