ஒரு பலகாரம் போதும், எல்லோரும் சேர்ந்து சுடுவோம்

ஐப்பசி பிறந்துவிட்டால் முகநூலில் இரண்டு விதமான பதிவுகள் வரும். "இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பலகாரம் சுடத் தெரியாது, எல்லாம் கடைச் சரக்கு" என்று ஒரு கூட்டம். "எதற்கு இந்தக் கஷ்டம், பணத்தைக் கொடுத்தால் டப்பாவில் வந்து இறங்கப்போகிறது" என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கூட்டத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பலகாரத்தின் பொற்காலம் என்று நீங்கள் நினைத்து ஏங்குகிற காலத்தில் நான் குழந்தையாக இருந்தேன். நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, லட்டு, மிக்சர் என்று வரிசையாக நடக்கும். ஆச்சியும் அம்மாவும் சித்தியும் பகல் முழுக்க வழக்கமான வீட்டு வேலையை முடித்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு அடுப்பைப் பற்றவைப்பார்கள். விடிய விடியப் புகையில் உட்கார்ந்து சுட்டுவிட்டு, தீபாவளி அன்று வாசனையே பிடிக்காமல் ஒன்றைக்கூட வாயில் வைக்க மாட்டார்கள். வீட்டு ஆண்கள் செய்த வேலை, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னது மட்டும்தான். அந்தக் காலம் அப்படியே திரும்பி வரவேண்டும் என்று எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனாலும் வீட்டில் பலகாரம் சுட வேண்டும் என்றுதான் சொல்வேன், அதுவும் உறுதியாக. வருஷத்துக்கு ஒன்று போதும். ஆனால் வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் அதில் படவேண்டும்.

ஏன் சுட வேண்டும்? பதம் என்ற ஒன்று இருக்கிறதே, அது கைவழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதிரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, வெல்லம், ஏலக்காய், சுக்கு, எண்ணெய், அவ்வளவுதான் சாமான். ஆனால் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். முழுக்கக் காயவிட்டால் கெட்டது. கையில் எடுத்தால் தண்ணீர் ஒட்டக் கூடாது, அரைத்த மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அந்த ஈரத்தில் அரைக்க வேண்டும். கடையில் பாக்கெட்டில் வருகிற காய்ந்த அரிசி மாவில் அதிரசம் வராது என்பதற்குக் காரணம் இந்த ஈரம்தான்.

அப்புறம் பாகு. வெல்லத்தைக் கரைத்து, மண் வடிகட்டி, காய்ச்ச வேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டுப் பார்க்க வேண்டும். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டி எடுத்தால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். எங்கள் பக்கம் அதைத் தக்காளிப் பழப் பதம் என்பார்கள். வெப்பமானியில் பார்த்தால் சுமார் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டுக்கு மேலே போகப் போகப் பாகில் தண்ணீர் குறைந்து, ஆறினால் இறுகும். கடலை உருண்டைக்கு அதே பாகு அதையும் தாண்டிப் போக வேண்டும், தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வர வேண்டும். அதிரசத்துக்கு அந்தச் சத்தம் வந்துவிட்டால் பல் போய்விடும். பாகு இளசாக இருந்தாலோ எண்ணெயில் போட்ட உடனே பிரிந்து கரைந்துவிடும். நடுவில் இருக்கிற இடைவெளி மிகக் குறுகியது, அடுப்படியில் ஒரு ஃபோன் பேசி முடிப்பதற்குள் கடந்துவிடும்.

மாவைக் கலந்த பிறகு ஒரு நாளாவது மூடி வைக்க வேண்டும். முதலில் தளர்வாக இருக்கிற மாவு மெல்ல பாகை இழுத்துக்கொண்டு இறுகும். கேதார கௌரி விரதத்துக்கு 21 அதிரசம் படைக்கிற வீடுகளில் முன்கூட்டியே மாவு கிளறி வைத்துவிடுவதற்கு இதுதான் காரணம். மிதமான தீயில் சுட்டு, எடுத்த சூட்டோடு இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடித்துவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு வீடியோ காட்டும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் விட்ட பாகு விரலில் எப்படி இருக்கும் என்பதை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒருமுறை விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் வீட்டில் அதைத் தெரிந்தவர் இருக்கிறார் என்றால், அவர் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம் இந்த வருஷம்தான்.

கடை இனிப்புகளைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல கடைகள் இருக்கின்றன, நானும் வாங்குகிறேன். ஆனால் பண்டிகை நெருக்கத்தில் திடீரென்று முளைக்கிற இடங்களில், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதையும், நெய் என்ற பெயரில் வனஸ்பதி வருவதையும் நாக்கே சொல்லிவிடும். மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டினால் அது நெய் இல்லை. பொரிக்கும் எண்ணெய் கெட்டுப்போவதை அளக்க, மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காயச் சிதைந்து அதில் சேர்கிற பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் வந்தது. உங்கள் தெருக்கடைத் தட்டில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். வீட்டில் சுடும்போது இந்தக் கவலை இல்லை. அரை கிலோ மாவுக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் ஊற்றி, மிச்சத்தை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்பில் தீர்த்துவிடலாம்.

மைசூர்பாகிலும் இதே கதைதான். ஒற்றைக் கம்பிப் பாகில் (இரு விரலில் தொட்டு இழுத்தால் ஒரு கம்பி நிற்கிற பாகு) கடலை மாவைத் தூவிக் கிளறும்போது, நெய்யைப் புகை வராத அளவுக்குச் சூடாக வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக விட வேண்டும். சூடான நெய் பட்டதும் மாவு பொங்கும், அந்தப் பொங்கலில்தான் பழைய மைசூர்பாகின் துளைத்துளையான உடம்பு வருகிறது. ஆறின நெய்யை விட்டால் வராது. இதைத் தெரிந்துகொண்டு செய்தால், ஒரு சின்னத் தட்டு போதும், வீடே சாப்பிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

ஆனால் நான் எல்லோரையும் சேர்ந்து சுடச் சொல்வது முந்திரிக்கொத்தைத்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காய்த் துருவலையும் எள்ளையும் வறுத்துச் சேர்த்து, வெல்லப் பாகு ஊற்றிப் பிசைந்து, சூடு இருக்கும்போதே சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும், அதனால் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பிடித்தால் பாதி மாவு வீணாகும். அப்புறம் அரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக ஒட்டி, முக்கி எண்ணெயில் விட வேண்டும். பிடிக்க ஆள் வேண்டும், முக்க ஆள் வேண்டும், சட்டியைப் பார்க்க ஆள் வேண்டும். இந்தப் பலகாரத்தைத் தனி ஆளாகச் செய்யவிட்டதே அநியாயம். குழந்தைகளின் சின்னக் கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

எங்கள் ஊரில் இதே முந்திரிக்கொத்து டிசம்பரிலும் சுடுவார்கள். தீபாவளிக்குப் போன தட்டு கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வரும், மேலே அச்சு முறுக்கும் கேக்கும் வைத்து. அச்சு முறுக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. பூ அச்சைக் காய்ந்த எண்ணெயில் வைத்துச் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். முழுக்க முங்கிவிட்டால் மாவு அச்சைக் கவ்விக்கொண்டு கழலாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அடுத்த வீட்டு அக்காதான்.

கேக், பிஸ்கட் எல்லாம் நம் பண்டிகைப் பலகாரமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏன் இல்லை? ஓவன் வருவதற்கு முன்பே, அலுமினியப் பாத்திரத்தில் ஆற்றுமணல் பரப்பி, மூடி மேல் தணல் போட்டு எங்கள் தெருவில் கேக் சுட்டிருக்கிறார்கள். கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் 1883-இல் ஒரு ஆங்கிலேயத் தோட்ட முதலாளி காட்டிய கேக்கைப் பார்த்து, உள்ளூர்ச் சாமான்களை வைத்தே கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு. தூத்துக்குடி மக்ரூனை நினைத்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான், இன்று அது அந்த ஊரின் அடையாளம். வெளியிலிருந்து வந்தது நூறு வருஷம் இங்கே வெந்தால் நம்முடையதுதான்.

பாகுக்குப் பயப்படுகிறவர்கள் நான்கட்டாய் என்கிற நெய் பிஸ்கட்டில் ஆரம்பிக்கலாம் என்பது என் யோசனை. ஒரு கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, அரை கப் நெய், 2 மேசைக்கரண்டி கடலை மாவு, அதே அளவு ரவை, ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஏலக்காய்த் தூள். தண்ணீரோ பாலோ வேண்டாம், நெய்யே மாவைச் சேர்த்துவிடும். 170 டிகிரியில் 15 நிமிடம் போல. ஓவன் இல்லையென்றால் கனமான பாத்திரத்தில் உப்புப் பரப்பி, 10 நிமிடம் சூடேற்றி, ஸ்டாண்ட் மேல் தட்டை வைத்து மூடிச் சுடலாம், நேரம் கொஞ்சம் கூடும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். கொதிக்கும் எண்ணெய் இல்லாததால் மாவு உருட்டுவதைச் சிறு பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஓவனைத் திறப்பது மட்டும் பெரியவர்கள்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லியே ஆக வேண்டும். வெல்லத்தில் செய்ததால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பகிரப்படுவதை நம்பாதீர்கள். வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வீட்டில் செய்வதால் உருண்டையைச் சின்னதாகப் பிடிக்கலாம், அதுதான் லாபம்.

சரி, எப்படித்தான் நடத்துவது? எங்கள் வீட்டில் இப்போது இருக்கிற ஏற்பாடு இது. என்ன பலகாரம் என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்கிறோம், ஒன்றே ஒன்று. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு காலை, பகல் வெளிச்சத்தில், இரவில் கிடையாது. பாகு அம்மாவின் கணக்கு, ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார், கிளறுவது என் கணவர். உருட்டுவது பிள்ளைகள். எண்ணெய்ச் சட்டி என்னிடம். பாத்திரம் கழுவுவதும் அடுப்பு மேடை துடைப்பதும் ஆண்கள் பொறுப்பு, பேச்சே இல்லை. அம்மா சொல்கிற பதத்தை அவர் வார்த்தையிலேயே மூத்த மகள் நோட்டில் எழுதிவைக்கிறாள்: "கரண்டியில் எடுத்து ஊற்றினால் கடைசிச் சொட்டு தயங்கும்." இது எந்தச் சமையல் குறிப்பிலும் நான் படித்ததில்லை.

இந்த வருஷம் முந்திரிக்கொத்து என்று முடிவாகியிருக்கிறது. டிசம்பருக்கு அச்சு முறுக்கு, அதற்கு அடுத்த வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். உங்கள் வீட்டில் எது என்று எழுதுங்கள். யார் பாத்திரம் கழுவப்போகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.