ஊரைப் பார்க்கப் போகவில்லை, பெரியப்பா

தோழியின் ஊரில் எடுத்து ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விளக்கப் போவதில்லை. "படிக்க அனுப்பினார்களா, ஊர் சுற்ற அனுப்பினார்களா?" என்று பெரியப்பா கேட்டதற்கு 43 லைக். ஒன்றுவிட்ட அத்தை ஒருவர் கைதட்டும் பொம்மை வேறு போட்டிருக்கிறார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. தோழியைப் பார்க்கப் போனேன். அந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. பேருந்து நிலையம், அவள் அறை, நடுவில் ஒரு மேம்பாலம். நான் 'சுற்றிய' ஊர் இவ்வளவுதான். வெள்ளி ராத்திரி பஸ் ஏறி சனி விடியற்காலை இறங்கினேன். ஞாயிறு ராத்திரி ஏறி, திங்கள் காலை நேராக வகுப்புக்கு வந்தேன். வகுப்பில் தூங்கினாயா என்று கேட்காதீர்கள். தூங்கினேன்.

"வீடியோ காலில் பேசினால் போதாதா?" என்று இன்னொருவர். ஆறு மாதமாகப் பேசிக்கொண்டுதானே இருந்தோம்! ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கேன்டி" என்பாள். பின்னால் அதே வெள்ளைச் சுவர். போன் காமிரா, கையில் வைத்திருப்பவர் எதைக் காட்ட நினைக்கிறாரோ அதைத்தான் காட்டும். நேரில் போனபோதுதான் சுவருக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தது. நாற்காலி மறையும் அளவுக்குத் துவைக்காத துணி. ஜூலையோடு நின்றுபோன காலண்டர். (அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கும் யாரும் கிளம்பி வர வேண்டாம்.) தண்ணீர் கொடுக்க இரண்டு டம்ளர் எடுத்தாள். ஒன்று நசுங்கிய பழசு. இன்னொன்று புத்தம் புதுசு, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. புதுசை என்னிடம் நீட்டினாள். எதற்காக வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

மதியம் வரை பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. துணி துவைத்தோம். அவள் அலசினாள், நான் பிழிந்தேன். ஒரு போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, ஆறு மாதமாகப் போனில் வராத பேச்சு வந்தது. என்ன பேச்சு என்பது உங்களுக்கு வேண்டாம். போர்வையை முறுக்கிக்கொண்டே பேசுவதற்கு எந்த ஆப்பும் இன்னும் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் படித்த அண்ணன் ஒருவர் சங்கப் புலவர் பிசிராந்தையாரை இழுத்து வந்திருக்கிறார். கோப்பெருஞ்சோழனும் அவரும் நேரில் பார்க்காமலேயே நண்பர்களாக இருந்தார்களாம், நமக்கு மட்டும் என்ன கேடாம். அண்ணா, புறநானூற்றில் அந்தக் கதையைக் கடைசி வரை படித்தீர்களா? சோழன் வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட முடிவுசெய்து வடக்கிருந்தபோது, அவர் வருவார், பக்கத்தில் இடம் விடுங்கள் என்றான். பாண்டிய நாட்டிலிருந்து அவரும் கிளம்பி வந்தார். "ஓலை அனுப்பினால் போதாதா?" என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் நெருங்கிய நட்பாக மாற 200 மணி நேரத்துக்கு மேல் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். நாங்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அதைப்போலப் பல மடங்கு. அதைக் காப்பாற்றிக்கொள்ள 40 மணி நேரம் செலவழித்தால் ஊதாரித்தனமா?

பணமா? நான் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. படிப்பா? ஒரு அசைன்மென்ட் ஒரு நாள் தாமதம், என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். போன செமஸ்டரில் எங்கேயும் போகாமல் அறையிலேயே கிடந்தபோதும் இரண்டு அசைன்மென்ட் தாமதமானது. அதற்கு யாரும் கமெண்ட் போடவில்லை.

ராத்திரிப் பயணம் பாதுகாப்பா என்பது நியாயமான கேள்வி. லைவ் லொகேஷன் போட்டுவிட்டுத்தான் ஏறினேன், ஆனாலும் அம்மா அன்று ராத்திரி தூங்கவில்லை. அது எனக்கும் உறுத்தல்தான். சரி, போன மாதம் தம்பி எட்டுப் பேரோடு பைக்கில் கிளம்பியபோது இந்தப் பாதுகாப்பு எங்கே போயிருந்தது? "என்ஜாய் பண்ணுடா தங்கம்" என்று எழுதியதும் இதே விரல்தானே பெரியப்பா?

உங்களை மதிக்காமல் பேசுகிறேன் என்று இதற்கும் யாராவது வருவீர்கள். மதிப்பதால்தான் இவ்வளவு நீளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மதிக்காவிட்டால் பிளாக் பண்ணிவிட்டுப் போயிருப்பேனே.

உண்மையைச் சொன்னால், எனக்கு வலித்தது அந்தக் கேள்விகூட இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். உங்களிடமிருந்து பூங்கொத்து ஸ்டிக்கர் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து என் விடுதிக்கு ஒன்றரை மணி நேரம். நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தடவை வந்திருக்கிறீர்களா? அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து, வார்டனிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். அப்போது அவளை யாரும் ஊர் சுற்றுகிறாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருப்பார்களோ என்னவோ, அவள் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவள் இங்கே வருகிறாள். படம் போடத்தான் போகிறேன். அதற்குக் கீழேயும் வந்து கேளுங்கள் பெரியப்பா. இல்லாவிட்டால் நேரில் வந்தே கேளுங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.