தலையணைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

25 நிமிஷம்! மலேசியாவுல பழைய ஈயச் சுரங்க ஊரான சுங்கை லெம்பிங்குக்கு எங்க கைடு தம்பி ஒதுக்குன நேரம் அவ்வளவுதான். "பாத்துட்டு டக்குனு வந்துருங்கண்ணே, இன்னும் நிறைய இடம் இருக்கு."

ராத்திரித் தூக்கத்தைத் தொலைச்சு, சிங்கப்பூர் எல்லை உட்லண்ட்ஸ்ல ஒரு தடவை, அந்தப் பக்கம் ஜோகூர்ல ஒரு தடவை பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி, குவாந்தானுக்கு மேல இன்னொரு 40 கிலோமீட்டர் உள்ள போயி, கால் மரத்துப்போய் இறங்குறேன். 25 நிமிஷம். தேக்கா மார்க்கெட்ல எங்க வீட்டம்மா ஒரு மீனைத் திருப்பித் திருப்பிப் பாக்கவே அதுக்கு மேல ஆகும்.

எப்பேர்ப்பட்ட ஊரு அது! பெரியப்பா அங்க ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவர். சுரங்கம்னு சொல்ல மாட்டார், ஈய லம்பம்னுதான் சொல்வார். வெள்ளைக்காரன் கம்பெனி 1906-ல ஆரம்பிச்சு 80 வருஷம் தோண்டுச்சு. பூமிக்கு அடியில மொத்தம் 322 கிலோமீட்டர் சுரங்கப் பாதை. சிங்கப்பூரோட மேற்குக் கோடி துவாஸ்லேர்ந்து கிழக்குக் கோடி சாங்கிக்கு மூணு தடவை போய்த் திரும்பி வரலாம், அதுவும் வெயில் படாம. 1985-ல உலகச் சந்தையில வெள்ளீயத்து விலை தடால்னு விழுந்துச்சு, மறு வருஷம் லம்பத்தை மூடிட்டாங்க. மேனேஜர் துரை இருந்த பங்களா இப்ப மியூசியம். மரத்தால கட்டுன பழைய கடை வரிசை இன்னும் நிக்குது. அந்த வரிசையில ஏதோ ஒரு கடையிலதான் பெரியப்பா சம்பள நாள்ல கோப்பி குடிச்சிருப்பார். எந்தக் கடைன்னு நின்னு யோசிக்கலாம்னா விட்டாத்தானே!

மியூசியத்துல முதல் கண்ணாடிப் பெட்டிகிட்டதான் போனேன். லம்பத்துக்காரங்க தலையில மாட்டிக்கிற விளக்கு. குனிஞ்சு பாக்குறேன். வெளியில விசில். ஆமா, விசில். 54 வயசு ஆளுக்கு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு ஊதுற மாதிரி ஊதுறான். சரி, போய்த் தொலையட்டும்னு ஏறுனேன். "அடுத்து எங்க தம்பி?"ன்னு கேட்டா பல்லைக் காட்டுறான். "சர்ப்ரைஸ்ண்ணே."

அந்த சர்ப்ரைஸ் உங்களுக்குத் தெரியும். டூர் பஸ்ல மலேசியா போன எவனுக்குத்தான் தெரியாது? ரப்பர் பால்ல செஞ்ச தலையணைக் கடை.

ஏசி ரூம். உள்ள போனதும் கதவைச் சாத்திட்டாங்க. மைக்கோட ஒரு ஆளு. முதல்ல ரப்பர் மரத்தோட வரலாறு. லம்பத்தோட வரலாற்றுக்கு விசில் ஊதுனவன், ரப்பர் வரலாற்றுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து தலையாட்டுறான். அப்புறம் நம்ம முதுகெலும்பு எப்படி வளைஞ்சிருக்குன்னு ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வச்சு அரை மணி நேரம். அப்புறம் முட்டை. முட்டைய மெத்தைக்கு அடியில வச்சு, அதுமேல ஒரு ஆளு உக்காந்து எந்திரிச்சான். முட்டை உடையல. எல்லாரும் கைதட்டுறாங்க! எங்க பஸ்ல வந்த ஒரு ஆன்ட்டி "இன்னொரு தடவை காட்டுங்க"ன்னாங்க. காட்டுனான். ஏன் ஆன்ட்டி? வீட்டுல முட்டை மேலயா உக்காரப் போறீங்க?

நான் பாட்டுக்கு ஓரமா உம்முன்னு நின்னேன். அந்தக் கோவம்தான் தப்பாப் போச்சு. "அண்ணன் ரொம்ப டென்ஷனா இருக்காரு, இங்க வந்து படுங்கண்ணே"ன்னு மைக்ல கூப்புடுறான். மாட்டேன்னேன். நாப்பது பேரும் சேந்து "படுங்க, படுங்க"ன்னாங்க. சரி, ஒரு நிமிஷம் படுத்துட்டு எந்திரிச்சு, நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வெளிய போயிடணும்னு முடிவு பண்ணித்தான் படுத்தேன். என்ன கேக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை கூடப் பாத்தேன். "தம்பி, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு..." அதுவரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு.

எந்திரிச்சப்போ மணி நாலரை. என்னைச் சுத்திக் கூட்டம். நான் குறட்டை விட்ட ரெண்டாவது நிமிஷத்துலேர்ந்து மைக்கை என் மூக்குகிட்ட பிடிச்சிருக்கான் பாவி. "கேளுங்கக்கா, இவ்வளவு நேரம் சிடுசிடுன்னு இருந்த மனுஷன்!" என் குறட்டையைக் காட்டியே பதினோரு தலையணை வித்துட்டான். அதுல ரெண்டு எங்க வீட்டுக்கு. "நீங்க இப்படித் தூங்கிப் பாத்து எத்தனை வருஷமாச்சு"ன்னு கண் கலங்குறா இவ. ராத்திரி பூரா பஸ்ல முழிச்சிட்டு வந்தவனைப் பாறை மேல படுக்க வச்சாலும் தூங்குவான்டி! சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது? ஆளுக்கு ஒரு தலையணையை மடியில வச்சுக்கிட்டு உட்லண்ட்ஸ் வரைக்கும் வந்தோம். கைடு தம்பி இறங்கும்போது கையைப் பிடிச்சுக் குலுக்குறான். "அண்ணே, அடுத்த டூருக்கும் நீங்க கண்டிப்பா வரணும்." ஏன் கூப்புட மாட்டான்?

இப்ப மணி ரெண்டு. அந்தத் தலையணையிலதான் படுத்திருக்கேன். தூக்கம் வரல. எப்படி வரும்? மேல் வீட்டுல எவனோ கோலிக்குண்டு உருட்டுறான். பதினாறு வருஷமா இந்த பிளாக்ல இருக்கேன், பதினாறு வருஷமா உருட்டுறான். அந்த வீட்டுல சின்னப் புள்ளையே கிடையாது. அப்புறம் யாருடா அது?