கூட்டத்தில் யாராவது ஒருவர் குனிய வேண்டும்

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும் வீடியோ வந்தால் போதும், "மனிதநேயம் செத்துப்போச்சு", "எல்லாரும் நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க" என்று கருத்துகள் குவிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பாருங்கள். பதறிப்போய், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். விட்டுப் போக மனமில்லை, கிட்டே வந்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. "இதைச் செய்யுங்கள்" என்று ஒரு குரல் கேட்டால் அவர்களில் பாதிப் பேராவது ஓடிவருவார்கள் என்பது என் நம்பிக்கை.

ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து இன்டர்காமில் பேசவிட்டார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்து திணறுவதுபோல் குரல் கேட்கும். தான் மட்டும்தான் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடிப் போனார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். பலரும் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போகாமல் இருந்தவர்களின் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது என்றும் அந்த இரண்டு உளவியலாளர்களும் எழுதியிருக்கிறார்கள். கல்நெஞ்சக்காரர்களுக்கு எதற்குக் கை நடுங்க வேண்டும்?

ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லான்காஸ்டர் நகரங்களின் சிசிடிவி பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பொது இடச் சண்டைகளில் பத்துக்கு ஒன்பது தடவை யாராவது ஒருவர் குறுக்கே போய்த் தடுத்திருக்கிறார். விபத்து வேறு, சண்டை வேறுதான். ஆனாலும், அடி வாங்க வாய்ப்புள்ள இடத்திலேயே மனிதர்கள் முன்னால் வருகிறார்கள் என்றால், விபத்து நடந்த இடத்தில் அவர்களைத் தடுப்பது கல்மனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு வளைவில் பைக் சறுக்கி விழுந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டிவந்த பையனின் தொடையில் ஆழமான வெட்டு. சின்னக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண் வேகமாக வந்து முதலில் வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்தார். அப்புறம் ஒருவரை நேராகப் பார்த்து, "சிவப்புச் சட்டை அண்ணா, நீங்க ஆம்புலன்சுக்குப் போடுங்க, ஸ்பீக்கர்ல வைங்க" என்றார். பக்கத்தில் நின்ற இளைஞனிடம், "தம்பி, நீ வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு வண்டிகளை மெதுவா வரச் சொல்லு." துப்பட்டாவைக் கழற்றி மடித்து, வெட்டின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்பின் எடையைப் போட்டு அழுத்தினார். துணி நனைந்தபோது அதை எடுத்துப் பார்க்கவில்லை. மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தினார்.

ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றப் போனார். "பேசுறாரு, மூச்சு நல்லா வருது. கழற்றாதீங்க" என்று தடுத்தார். ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "தண்ணி வேண்டாம்யா, நீங்க அவர் தலைகிட்ட உட்கார்ந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க, தலையை மட்டும் அசைக்க விடாதீங்க." பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "பேரு என்னப்பா, வீட்ல யாரு இருக்கா" என்று கேட்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் வேடிக்கை பார்ப்பவர் போலத் தெரிந்தவர்தான் அவரும்.

அந்தப் பெண் மருத்துவர் இல்லை, முதலுதவி வகுப்புக்குப் போனவர் என்று பிறகு தெரிந்தது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, "யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாமல் ஆளுக்கு ஒரு வேலையைக் கையில் கொடுத்தது. "யாராவது" என்று சொன்னால், இன்னொருவர் கூப்பிட்டிருப்பார் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

நல்ல மனதோடு செய்யும் கெடுதல்களும் இருக்கின்றன. தண்ணீர் புரையேறலாம், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதையும் சிக்கலாக்கலாம். கழுத்தெலும்பில் அடி இருந்தால் தூக்கி உட்காரவைப்பதும் கிடைத்த காரில் மடித்துத் திணிப்பதும் கை கால் செயலிழப்பதில்கூட முடியலாம். தீப்பிடிக்கும் ஆபத்தோ, வண்டிகள் ஏறிவிடும் ஆபத்தோ இருந்தால் மட்டும் நகர்த்த வேண்டும். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கவே கூடாது.

நினைவில்லாமல் மூச்சும் இல்லையென்றால் காத்திருக்க நேரமில்லை; மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும். நடு நெஞ்சில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எப்போதாவது வரும் திணறல் மூச்சை மூச்சென்று நம்பிவிடாதீர்கள்.

"அப்புறம் போலீஸ், கேஸ் என்று யார் அலைவது?" என்ற பயம் நியாயமானது, அதை யாரும் கேலி செய்யக் கூடாது. அதற்காகத்தான் பல நாடுகளில் சட்டமே வந்திருக்கிறது. இந்தியாவில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்து, நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். விருப்பமில்லாமல் அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் முடிந்தும் உதவாமல் போவதே குற்றம். சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது இருப்பது தெருவில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டு போடச் சொல்வதுபோல், இந்த அடிப்படை முதலுதவியையும் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்பேன்.

ஆம்புலன்ஸ் வந்ததும் ஒதுங்கிவிடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், இடையில் நினைவு தப்பியதா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவை. அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராமல் போகலாம், அந்த ஆள் பிழைத்தாரா என்று கடைசிவரை தெரியாமலும் போகலாம். அதை மனதுக்குள்ளேயே பூட்டி வைக்காமல் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.