முதலில் டேங்கைக் கழற்றுங்கள்

1967–72 ஷெவர்லே சி10 பிக்கப்பின் கேபின் மூலைத் துருவை வெட்டிப் புதுத் தகடு வைப்பதைக் நான் படித்த ஒரு கட்டுரை நன்றாகவே விளக்குகிறது. ஆனால் அதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது: இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே தள்ளி வைக்காமல் வெல்டிங்கைத் தொடவே கூடாது. காலி டேங்க்தானே என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே ஆவி நிற்கும்.

ராக்கர் தகட்டை (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடு) வெட்டுமுன் கதவுச் சட்டத்தின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் அடியுங்கள், அதாவது சின்னப் புள்ளி வெல்டிங்கால் பிடித்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கேபின் தொய்ந்து கதவு சேராது. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். கதவை மாட்டி இடைவெளி பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டிங். 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி, கை வைக்கிற சூட்டுக்கு ஆறியதும் நடுவில் அடுத்தது. ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு நெளியும். அதை மறைக்கக் கனமாகப் பூசும் புட்டி பிறகு விரிசல் விடும்.

முன் சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக் ஆக்குவோர் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம்) மாற்றுங்கள். டிரம்முக்கான சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால் பிரேக் பேடு டிஸ்க்கில் விடாமல் உரசிச் சூடேறும். 1971 முதல் முன் டிஸ்க் கம்பெனியிலேயே வந்தது. அந்த முன் சஸ்பென்ஷன் முழுசாகக் கிடைத்தால் அதுவே நல்ல வழி. ஆனால் அதில் வீல் போல்ட் பழையதைப் போல 6 அல்ல, 5.