முதல் நாள் புள்ளிப்பட்டியலைப் பார்த்து ஓர் அணியை எடைபோடாதீர்கள்

இயந்திரமில்லாமல், மேலெழும் காற்றை நம்பிப் பறக்கும் வானூர்திகளான கிளைடர்களின் உலகப் போட்டி தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாட்களுக்குள் தீர்ப்புகள் வந்துவிடுகின்றன. பட்டியலில் எட்டாவது, பன்னிரண்டாவது இடங்களில் இருக்கும் அணியைப் பார்த்து, சொந்த மண்ணிலேயே இவர்களால் முடியவில்லையே என்று எழுதுகிறார்கள். சில ஆண்டுகளாக ஒரு கிளைடர் மன்றத்தில் தரைப்பணியில் உதவி வருபவன் என்ற முறையில், இந்த அவசரம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. தொடக்க நாட்களில் ஓர் அணி செய்ய வேண்டிய முதல் வேலை தன் பழக்கங்களை நிலைநிறுத்திக்கொள்வதுதான். அந்தப் பழக்கம் நல்லதானாலும் தவறானதானாலும் கடைசி நாள் வரை கூடவே வரும்.

இதற்கு 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லேக் கீப்பிட்டில் நடந்த பெண்கள் உலகக் கிளைடர் போட்டியை எடுத்துக்கொள்கிறேன். 2001இல் லித்துவேனியாவில் தொடங்கிய இந்தப் போட்டி அதுவரை ஒன்பது முறையும் ஐரோப்பாவிலேயே நடந்திருந்தது. பத்தாவது முறைதான் முதன்முதலாக அந்தக் கண்டத்தை விட்டு வெளியே வந்து, நியூ சவுத் வேல்ஸில் கன்னடா என்ற ஊருக்கு அருகில் நடந்தது. போட்டியை நடத்தும் நாட்டின் அணி என்பதால் ஆஸ்திரேலியப் பெண்கள் மீது எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. அந்த வானம் அவர்களுக்குப் பழகிய வானம் என்பதுதான் எல்லோருடைய கணக்கும்.

ஆனால் அந்தக் கோடையில் அது யாருக்கும் பழகிய வானமாக இருக்கவில்லை. நெடிய வறட்சியால் கீப்பிட் அணை ஏறக்குறைய வற்றிக் கிடந்தது. மாநிலத்தின் பல பகுதிகளில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. புகை கிளைடருக்கு இரண்டு வகையில் பகை. ஒன்று, வெயில் தரையில் முழுதாக விழாததால் தரை மெதுவாகச் சூடேறுகிறது. அதனால் தெர்மல் என்று நாங்கள் சொல்லும், மேலெழும் வெப்பக்காற்று தாமதமாகத் தொடங்கி, சீக்கிரமே அடங்கிவிடுகிறது. மற்றொன்று, பார்வைத் தொலைவு குறைவதால், முன்னே வட்டமிட்டு ஏறும் கிளைடர்களைக் கண்டு அங்கே காற்று மேலெழுகிறது என்று அறியும் வழி அடைபடுகிறது. இயந்திரமில்லாத வானூர்திக்கு மற்றவர்களின் வட்டமே வழிகாட்டி. அப்படிப்பட்ட நாளில் உள்ளூர் விமானியின் பழைய அனுபவமே அவரை ஏமாற்றக்கூடும், ஏனெனில் வழக்கமாகக் காற்று கிளம்பும் மேடு அன்று கிளம்பாமல் போகலாம்.

புள்ளிக் கணக்கையும் பார்க்க வேண்டும். வழக்கமாக ஒரு நாளின் வெற்றியாளருக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள். அவருக்குச் சில நிமிடங்கள் பின்னால் வருபவர் சில பத்துப் புள்ளிகளையே இழப்பார். வழியில் காற்று கிடைக்காமல் ஏதாவதொரு வயலில் இறங்க நேர்ந்தவருக்குக் கடந்த தூரத்துக்கான புள்ளிகள் மட்டுமே கிடைக்கும்; இழப்பு நூற்றுக்கணக்கில் போகும். இரண்டு வாரப் போட்டியில் முதல் நாள் முதலிடம் பெற்றுச் சேர்க்கும் முப்பது புள்ளிகளைவிட, எவரும் வயலில் இறங்காமல் திரும்புவது எத்தனையோ மடங்கு பெரிது. ஆகவே எட்டாவது இடத்தில் வந்து சேர்ந்த விமானியை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று அவர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்.

வயலில் இறங்குவது என்றால் என்ன என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஒருமுறை, போட்டி ஒன்றுமில்லாத ஒரு சாதாரண நாளில், எங்கள் மன்றத்து விமானி ஒருவர் அறுவடை முடிந்த சோளக் கொல்லையில் இறங்கிவிட்டார். நீளமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இறக்கை சேரும் இடத்து வெள்ளை டேப்பை உரித்து, இறக்கையைப் பூட்டியிருக்கும் ஊசியை உருவி, கட்டைகள் குத்தும் அந்த நிலத்தில் ஒருவர் நுனியையும் இருவர் அடியையும் பிடித்து இறக்கையை நகர்த்தி ஏற்றி முடிக்கையில் நள்ளிரவு. மறுநாள் காலை அவர் முகத்தில் தூக்கம் தெளியவில்லை. உலகப் போட்டியில் இப்படியொரு இரவு முதல் நாளே வந்துவிட்டால், அதன் களைப்பு மூன்றாம் நாள் முடிவுகளில் தெரியும். பட்டியலில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்: இணையாகப் பறக்கும் இருவர் ஒருவரையொருவர் எத்தனை தூரம் விட்டுக்கொடுத்துக் காத்திருப்பது, வானொலியில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, வெயிலில் வரிசையில் நிற்கும் கிளைடரின் கண்ணாடி மூடிமேல் வெள்ளைத் துணி போர்த்துவது யார், விமானிக்குத் தண்ணீர் கொண்டுவருவது யார், தரையிலிருக்கும் அணித்தலைவர் எந்தத் தகவலை எங்கிருந்து எடுத்து மேலே அனுப்புவது. இவையெல்லாம் பயிற்சி நாட்களிலும் முதல் இரண்டு மூன்று நாட்களிலும் உறுதியாகிவிடுகின்றன. பிறகு யாரும் அவற்றை நின்று யோசிப்பதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆஸ்திரேலிய அணி அந்தப் போட்டியில் பெரிய விலை கொடுத்தது. பார்வையாளர்களுக்குக் கிளைடர்களின் இருப்பிடம் வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் காட்டப்பட்டது. அந்தத் தாமதம் இல்லாத தகவலை அணி எடுத்துப் பயன்படுத்தியது என்பதற்காகப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் அவர்களுடைய புள்ளிகள் குறைக்கப்பட்டன. இரண்டு வாரம் புகையிலும் வெக்கையிலும் பறந்த பெண்களின் உழைப்பு ஒரு தரைப்பணி முடிவால் அடிபட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனாலும் தண்டனை தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. எதிரணி எங்கே எந்த வேகத்தில் மேலேறுகிறது என்பதை உடனுக்குடன் அறிவது அந்தப் புகைவானில் எவ்வளவு பெரிய உதவி என்பது பறந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தகவலைக் கையில் எடுத்த முதல் தருணத்திலேயே, இதைப் பயன்படுத்தலாமா என்று அமைப்பாளர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் கேட்டிருந்தால் ஒரு பதிலோடு முடிந்திருக்கும்.

அடுத்த உலகப் போட்டியின் முதல் நாள் முடிவு வெளிவரும்போது, உங்கள் நாட்டு அணியின் இடத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் விமானிகளில் எத்தனை பேர் புறப்பட்ட களத்துக்கே திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, ஒரே வகுப்பில், அதாவது ஒரே வகைக் கிளைடர்களுக்கான பிரிவில், பறந்த இருவரும் எத்தனை நிமிட இடைவெளியில் வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள். நான் அந்த இரண்டையும் பார்த்த பின்புதான் மேல்வரிசையின் பெயர்களைப் படிக்கிறேன்.